3200 ரேம் வாங்கினேன், 1197 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

தூக்கம்கெட்டவன்:

வணக்கம். என்னிடம் இருப்பது ஐ5-8250யூ போட்ட லேப்டாப். 2018-இல் அக்கா கல்லூரிக்காக வாங்கியது, வேலைக்குப் போனதும் என் தலையில் கட்டிவிட்டாள். 4 ஜிபி ரேம் போர்டிலேயே ஒட்டி வந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாகக் கிடந்தது. ஆன் பண்ணினால் டெஸ்க்டாப் வரவே மூன்று நிமிடம் ஆகும், குரோமில் ஏழெட்டு டேப் திறந்தால் மூச்சு முட்டும். சரி, ரேமைக் கூட்டிப் பார்ப்போம் என்று போன வாரம் ஒரு கடையில் 8 ஜிபி டிடிஆர்4 3200 வாங்கி, நானே பின்மூடியைக் கழற்றிப் போட்டேன்.

12 ஜிபி காட்டுகிறது, அதில் குறையில்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரில் வேகம் என்ற இடத்தில் 2400 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. சந்தேகப்பட்டு சிபியூ-இசட் என்ற மென்பொருளை இறக்கிப் பார்த்தால் அதில் டிராம் ஃப்ரீக்வன்சி 1197 சொச்சம். ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தால் பிசி4-3200ஏஏ, கடை பில்லில் பிசி4-25600. ஒரே ஸ்டிக்குக்கு நாலு எண். எது அதன் உண்மையான வேகம்?

இன்னொன்றும் குழப்புகிறது. தயாரிப்பாளர் பக்கத்தில் இந்த ரேமுக்கு சிஎல்22 (கேஸ் லேட்டன்சியாம்) என்று போட்டிருக்கிறது, சிபியூ-இசட்டில் சிஎல் 17 காட்டுகிறது. சிஎல் குறைந்தால் நல்லது என்று எல்லா யூடியூப் வீடியோவிலும் சொல்கிறார்கள். அப்படியென்றால் மெதுவாக ஓடுவதால் என் ரேம் நல்லதாகிவிட்டதா? கடையில் கேட்டேன், "எல்லாத்துலயும் அப்படித்தான் காட்டும் தம்பி" என்று சொல்லி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ரைசன்ரசிகன்:

ஏமாறவில்லை ப்ரோ. சிபியூ-இசட் எப்போதும் பாதியைத்தான் காட்டும், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 1197-ஐப் பெருக்கினால் ஏறத்தாழ 2400, கணக்கு சரி.

தூக்கம்கெட்டவன்:

பெருக்கினாலும் 2400தானே வருகிறது, 3200 எங்கே போனது? அதுவும் ஏன் பாதி காட்ட வேண்டும்?

பிட்டும்பைட்டும்:

நாலு எண்ணும் உண்மைதான், ஆனால் நாலும் நாலு வேறு விஷயங்கள். ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலில் அந்தப் பாதி. ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே ஒரு கடிகாரத் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும், மேலே ஏறும், கீழே இறங்கும். 90-களின் கடைசியில் இருந்த எஸ்டி ரேம் துடிப்பு ஏறும்போது மட்டும் தரவை அனுப்பியது. அதனால் அன்று பிசி100 என்றால் 100 மெகாஹெர்ட்ஸ், ஊரை ஏமாற்ற ஒன்றுமில்லை. அப்புறம் வந்த டிடிஆர் ஏறும்போதும் ஒன்று, இறங்கும்போதும் ஒன்று என அனுப்பியது. பெயரில் இருக்கும் "டபுள் டேட்டா ரேட்" அதுதான். 200 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ரேமுக்கு டிடிஆர்-400 என்று பெயர் வைத்தார்கள், விளம்பரம் போடுகிறவர்கள் அந்த 400-க்குப் பின்னால் மெகாஹெர்ட்ஸ் என்று சேர்த்துவிட்டார்கள். இருபது வருடம் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சரியான அலகு மெகா டிரான்ஸ்ஃபர், அதாவது எம்டி/எஸ். 3200 எம்டி/எஸ் என்றால் விநாடிக்கு 320 கோடி தடவை தரவு கைமாறுகிறது, கடிகாரம் துடிப்பது 160 கோடி தடவைதான், அதாவது 1600 மெகாஹெர்ட்ஸ். சிபியூ-இசட் கடிகாரத்தைக் காட்டுகிறது, டாஸ்க் மேனேஜர் கைமாறும் எண்ணிக்கையைக் காட்டிவிட்டு அதற்கு மெகாஹெர்ட்ஸ் என்று தப்பான பெயர் போடுகிறது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இதை எம்டி/எஸ் என்று திருத்திவிட்டார்கள், உங்களுடையது பழையது போலிருக்கிறது.

1200-க்குப் பதில் 1197 வருவதற்கு போர்டின் அடிப்படைக் கடிகாரம்தான் காரணம். 100 மெகாஹெர்ட்ஸ் என்று பெயர், உண்மையில் 99.8 பக்கத்தில் இருக்கும். அதன் 12 மடங்குதான் உங்கள் ரேமின் கடிகாரம்.

அடுத்து 25600. இது அளவு, வேகம் என்று சொன்னாலும் தப்பில்லை. ஒரு தடவை கைமாறும்போது 64 பிட், அதாவது 8 பைட் போகிறது. 3200-ஐ 8-ஆல் பெருக்குங்கள், விநாடிக்கு 25,600 மெகாபைட். கடை பில்லில் இருப்பது இது. ஸ்டிக்கரில் பழைய வழக்கப்படி 25600 என்று போடாமல் 3200 என்று போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் ஏஏ என்ற இரண்டு எழுத்து 22-22-22 என்ற டைமிங்கை, அதாவது ரேம் எத்தனை துடிப்பு காத்திருக்கும் என்ற கணக்கைக் குறிக்கும். 2400டி என்று இருந்தால் 17-17-17, 2666வி என்றால் 19-19-19. யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் ஸ்டிக்கரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

கடைசியாக 2400. இதில் ரேம் மேல் பழி இல்லை. 8250யூ பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் டிடிஆர்4-இல் 2400 வரைதான் போகும். போதாததற்கு போர்டில் ஒட்டியிருக்கும் 4 ஜிபியும் 2400 வகையாகத்தான் இருக்கும். 3200 ஸ்டிக் இறங்கி ஓடும், 2400 ஏறி ஓடாது. அதனால் இரண்டும் 2400-இல் ஒத்துப்போய்விட்டன. காசு வீண் என்று நினைக்காதீர்கள்.

தூக்கம்கெட்டவன்:

இப்போதுதான் புரிகிறது, நன்றி. ஆனால் சிஎல் கேள்வி அப்படியே நிற்கிறது. 22 எப்படி 17 ஆனது?

பிட்டும்பைட்டும்:

சிஎல் என்பது நேரம் அல்ல, முதல் தரவு வரக் காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை. இந்த இடத்தில்தான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள், வீடியோ போடுகிறவர்களும் சேர்த்து.

வீட்டில் போர் மோட்டார் போடுகிறீர்கள். சுவிட்சைத் தட்டியதும் தண்ணீர் கொட்டாது, மாடித் தொட்டியின் வாய்க்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். வந்த பிறகு எவ்வளவு கொட்டும் என்பது குழாய் ஒன்றரை அங்குலமா இரண்டு அங்குலமா என்பதைப் பொறுத்தது. எம்டி/எஸ் என்பது கொட்டும் அளவு, லேட்டன்சி என்பது முதல் சொட்டு வரும் நேரம். குழாயைப் பெரிதாக்கினால் முதல் சொட்டு சீக்கிரம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை.

இப்போது கணக்கு. 3200-இல் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்பு 0.625 நானோ செகண்ட். அதில் 22 துடிப்பு 13.75 நானோ செகண்ட். 2400-இல் ஒரு துடிப்பு 0.833 நானோ செகண்ட், 17 துடிப்பு 14.17. பார்த்தீர்களா, 17 என்று குறைந்த எண் காட்டுகிற இடத்தில் நேரம் ஒரு துளி கூடியிருக்கிறது.

ஸ்டிக்கில் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. அதில் முக்கிய டைமிங்குகள் நேரமாகவே எழுதப்பட்டிருக்கும், "முதல் தரவு வர எனக்கு 13.75 நானோ செகண்ட் வேண்டும்" என்கிற மாதிரி. கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் அதைப் படித்து, தான் ஓட்டப்போகும் துடிப்பால் வகுத்துக்கொள்ளும். 13.75-ஐ 0.833-ஆல் வகுத்தால் பதினாறரை. அரைத் துடிப்பு என்று ஒன்று வைக்க முடியாது, மேலே தள்ளி 17 என்று வைத்துவிட்டது. உங்கள் ரேம் நல்லதாகவும் ஆகவில்லை, கெட்டதாகவும் ஆகவில்லை.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு: சிஎல்-ஐ 2000-ஆல் பெருக்கி எம்டி/எஸ்-ஆல் வகுத்தால் நானோ செகண்ட் கிடைக்கும்.

பழையஇரும்பு:

தம்பி இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். நான் ரிச்சி தெருவில் சிஸ்டம் அசெம்பிள் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில் ரேம் வேகம் மெகாஹெர்ட்ஸில் கிடையாது, நானோ செகண்டில்தான். 72 பின் சிம் வரும் (போன் சிம் இல்லை, அந்தக் கால ரேம் பட்டை), அதன் கறுப்புச் சிப் மேல் பார்ட் நம்பரின் வாலில் -70 அல்லது -60 என்று இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த எழுத்து தெரியும். 70 என்றால் கேட்டதிலிருந்து தரவு வெளியே வர 70 நானோ செகண்ட், 60 என்றால் அதைவிட வேகம். எண் சின்னதானால் விலை பெரிதாகும். பென்டியம் போர்டுக்கு இரண்டு இரண்டாகத்தான் போட வேண்டும், ஒன்று மட்டும் போட்டால் ஆன் ஆகாது, 32 பிட் சிம் இரண்டு சேர்ந்தால்தான் 64.

அப்புறம் எஸ்டி ரேம் வந்தது. சிப் வாலில் -10, -8 என்று போட்டிருந்தது. 60 போய் 10 வந்துவிட்டது, ஆறு மடங்கு வேகம் என்று நாங்களே வாடிக்கையாளரிடம் சொல்லி விற்றிருக்கிறோம், பொய் என்று தெரியாமல்தான். அந்த 60 முழுக் காத்திருப்பு நேரம், இந்த 10 ஒரு துடிப்பின் நேரம் மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

உண்மையில் என்ன மாறியது என்று கேட்டால், 66 மெகாஹெர்ட்ஸ் போர்டில், எஸ்டி ரேமுக்கு முன்னால் இருந்த ஈடிஓ ரேமுக்கு 5-2-2-2 என்று எழுதுவார்கள், எஸ்டி ரேமுக்கு 5-1-1-1. முதல் தரவு வர 5 துடிப்பு, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு துடிப்பு என்று இருந்தது ஒன்றானது. முதலில் இருக்கும் அந்த 5-ஐப் பாருங்கள், அசையவே இல்லை. பிட்டும்பைட்டும் சொன்ன மோட்டார் கதைதான், அன்றைக்கே.

அந்தச் சுருக்கை வைத்துப் பழைய ரேமுக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன். டிடிஆர்-400 சிஎல்3 என்றால் 15 நானோ செகண்ட். டிடிஆர்2-800 சிஎல்6, அதுவும் 15. டிடிஆர்3-1600 சிஎல்11 என்றால் 13.75, உன் டிடிஆர்4-3200 சிஎல்22-உம் அதே 13.75. டிடிஆர்5-4800 சிஎல்40 போட்டால் 16.67, பின்னாலேயே போயிருக்கிறது! 400-இலிருந்து 4800, கொட்டுகிற அளவு பன்னிரண்டு மடங்கு கூடியிருக்கிறது, முதல் சொட்டு வரும் நேரம் அங்கேயே நிற்கிறது. பெட்டியில் எந்த எண்ணைப் பெரிதாக அச்சடிப்பார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா.

ரைசன்ரசிகன்:

இதில் எக்ஸ்எம்பி (ரேமைத் தர அளவைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) பற்றி யாரும் சொல்லவில்லை. மேசைக்கணினி வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது அது. நான் ரைசன் 5 5600-உடன் 3200 சிஎல்16 ஜோடி வாங்கினேன். சுருக்குப்படி 10 நானோ செகண்ட், நல்ல ரேம். ஆனால் அந்த வேகம் ஜெடெக் என்ற தர அமைப்பு நிர்ணயித்த அளவு இல்லை, தயாரிப்பாளர் சோதித்து எஸ்பிடியில் தனி புரொஃபைலாக எழுதி வைத்தது, வோல்டேஜும் 1.2-க்குப் பதில் 1.35 வேண்டும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் ரேம் தர வேகத்திலேயே ஓடும். என்னுடையது ஒன்றரை வருடம் 2133-இல் ஓடியது. நான் அதைத் தெரியாமல் நண்பர்களிடம் 3200 என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஆன் செய்வதற்கு முன்னும் பின்னும் எய்டா64 என்ற சோதனை மென்பொருளில் அளந்தேன். படிக்கும் வேகம் விநாடிக்கு 33 ஜிபியை ஒட்டி இருந்தது 48-ஐத் தொட்டது. லேட்டன்சி 90 பக்கத்திலிருந்து 70 பக்கத்துக்கு இறங்கியது. ஆனால் எழுதும் வேகம் மட்டும் 25-ஐத் தாண்டவில்லை. ஒரு ஸ்டிக் செத்துவிட்டது என்று பயந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தேன், பிறகுதான் தெரிந்தது, 5600-இல் கோர்கள் இருக்கும் ஒரே சில்லுக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் நடுவே படிக்க ஒரு துடிப்புக்கு 32 பைட், எழுத 16 பைட்தான் பாதை. 1600-ஐ 16-ஆல் பெருக்கினால் 25.6 ஜிபி. வடிவமைப்பே அப்படி.

தூக்கம்கெட்டவன்:

ஒரு நிமிடம். உங்கள் ரேமுக்கு சிஎல் கணக்குப்படி 10 நானோ செகண்ட், எய்டா 70 என்கிறது. மீதி 60 எங்கே போனது?

முனையம்:

நல்ல கேள்வி. சிஎல்-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் இப்படித்தான் இடிக்கும். ரேம் செல்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. வேண்டிய வரிசை ஏற்கனவே திறந்திருந்தால் மட்டுமே சிஎல் நேரத்தில் தரவு வரும். உங்கள் 22-22-22 ரேமையே உதாரணமாக வைத்தால், வரிசை மூடியிருந்தால் திறக்க ஒரு 22 துடிப்பு. வேறு வரிசை திறந்திருந்தால் அதை மூட இன்னொரு 22. 22-22-22 என்ற மூன்று எண்ணுக்கும் அர்த்தம் இதுதான். மோசமான நிலையில் 66 துடிப்பு, 3200-இல் 41 நானோ செகண்ட். லேட்டன்சி சோதனை வேண்டுமென்றே தாறுமாறாகத் தாவித் தாவிப் படிக்கும், அதனால் இந்த மோசமான நிலைதான் அடிக்கடி வரும். அதற்கு முன்னால் பிராசஸர் தனக்குள் இருக்கும் எல்1, எல்2, எல்3 கேஷ் என்ற குட்டி நினைவகங்கள் மூன்றிலும் தேடி இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரேமுக்கு வருகிறது, போக வர அந்தப் பாதைக்கும் நேரம் ஆகிறது. ரைசன்ரசிகனின் சிஎல்16 ரேமில் துடிப்பு எண்ணிக்கை குறைவு, ஆனாலும் இப்படி எல்லாம் கூட்டித்தான் 70.

இன்னொரு வேடிக்கை, 3200 என்று பெயர் வைத்த டிடிஆர்4 சிப்புக்குள் செல்கள் இருக்கும் பகுதி 400 மெகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. ஒரு தடவைக்கு எட்டு பிட்டாக அள்ளிக்கொண்டு வந்து வாசலில் வைத்து வேகமாக ஒவ்வொன்றாக அனுப்புகிறது. வாசல்தான் தலைமுறைக்குத் தலைமுறை வேகமாகியிருக்கிறது, உள்ளே அதே நடைதான். பழையஇரும்பு அண்ணன் போட்ட பட்டியலில் எல்லாம் 15 பக்கத்திலேயே நிற்பது அதனால்தான்.

நீங்களே அளந்து பார்க்க ஆசை இருந்தால் பென் டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் பண்ணுங்கள். சூடோவோடு (அட்மின் உரிமையோடு) டிஎம்ஐடிகோட் என்ற கட்டளையை ஓட்டி, மெமரி பகுதியைப் பார்த்தால் ஸ்டிக்கின் தகுதி ஒரு வரியிலும் இப்போது ஓடும் வேகம் இன்னொரு வரியிலும் இருக்கும். சிஸ்பெஞ்ச் என்ற சோதனையை மட்டும் அப்படியே ஓட்டாதீர்கள், சும்மா ஓட்டினால் 1 கிலோபைட் துண்டைத் திரும்பத் திரும்ப அளக்கும், அது கேஷுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், ரேம் பக்கமே போகாது. அதில் வந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு என் ரேம் பறக்கிறது என்று எழுதுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஜான் மெக்கால்பின் எழுதிய ஸ்ட்ரீம் என்ற சோதனை இதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறது, அளக்கும் ஒவ்வொரு அணியும் (எண்களின் பட்டியல்) கடைசிக் கேஷைப் போல நாலு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். உங்கள் 8250யூவில் எல்3 6 எம்பி, ஆகவே 24 எம்பி. ஸ்ட்ரீம் தானாக எடுத்துக்கொள்வது ஒரு கோடி எண், 80 எம்பி, கவலையில்லை.

பார்க்கும்போது ஒன்று. உங்களுக்கு 2400-இல் ஒரு சேனலுக்கு (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள ஒரு பாதைக்கு) விநாடிக்கு உச்சம் 19.2 ஜிபி, இரண்டு சேனலுக்கு 38.4. ஆனால் 4-உம் 8-உம் சமமில்லை. போர்டில் உள்ள 4-உம் புதியதில் ஒரு 4-உம் சேர்ந்து இரட்டைச் சேனலாக ஓடும், மிஞ்சிய 4 ஜிபி ஒற்றையாகத்தான் ஓடும். உச்ச அளவை எந்தச் சோதனையிலும் முழுதாகத் தொட முடியாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

தூக்கம்கெட்டவன்:

நேற்று இரவு உட்கார்ந்து முழுதும் செய்தேன். டிஎம்ஐடிகோட்டில் புதிய ஸ்டிக்குக்கு 3200 எம்டி/எஸ், ஓடும் வேகம் 2400 எம்டி/எஸ் என்று அழகாக இரண்டு வரியிலும் வந்தது. ஸ்ட்ரீமை முதலில் இரண்டும் இருக்கும்போது ஓட்டினேன், அதில் டிரையட் என்ற அளவீடு விநாடிக்கு 25 ஜிபியை ஒட்டி. பிறகு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு போர்டில் இருக்கும் 4-ஐ மட்டும் வைத்து ஓட்டினேன், 14-க்குக் கொஞ்சம் கீழே. ஒரு ஸ்க்ரூ சோபாவுக்கு அடியில் உருண்டு போனதைத் தவிர வேறு சேதம் இல்லை. கடைக்காரரைத் திட்டியது பாவம்.

ஒரே ஒரு சந்தேகம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, டேப் திறந்தால் முன்பு போல முட்டுவதும் இல்லை. ஆனால் ஆன் ஆகி டெஸ்க்டாப் வர இன்னும் அதே மூன்று நிமிடம். டைமிங்கில் ஏதாவது மாற்றிப் பார்க்கலாமா?

பழையஇரும்பு:

தம்பி, உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா?

தூக்கம்கெட்டவன்:

ஹார்டு டிஸ்க்தான் அண்ணா. 1 டிபி, 5400 ஆர்பிஎம் என்று எழுதியிருக்கிறது.

பழையஇரும்பு:

அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! அந்தத் தட்டு அரைச் சுற்றுச் சுற்றவே ஐந்தரை மில்லி செகண்ட். அதாவது 55 லட்சம் நானோ செகண்ட். நாம் இங்கே மூன்று நாளாக 13.75-ஆ 14.17-ஆ என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஸ்க்ரூவைத் தேடி எடுத்து வை, மூடியை இன்னொரு தடவை கழற்ற வேண்டியிருக்கும்.